பின் என்றால் எந்தப் பக்கம்?

ஏப்ரல் 11, சனி

மாமனார் வந்து சேர்ந்தார். காங்கேயம் சந்தைக்குப் போகும் வழியில் மொபெட்டோடு விழுந்து இடது கையில் மாவுக்கட்டு. சுகுணா நேரில் போய் ஏறக்குறையக் கடத்திக்கொண்டு வந்திருக்கிறாள். வாசலில் செருப்பை விட்டபடியே, "உங்களுக்குத்தான் தொந்தரவு குடுக்கறனுங்க மாப்ள" என்றார். "அதெல்லாம் ஒன்றுமில்லை மாமா" என்று சொல்வதற்குள் இரண்டாவது முறையும் சொல்லிவிட்டார்.

எண்ணெய் மில்லில் அத்தனை ஆட்களை மேய்த்தவர் என் மாமனார் நாச்சிமுத்து. இங்கே வந்தால் ஃபேன் சுவிட்சுக்குக் கீழே வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், போட மாட்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் கை நனைப்பதே அதிகம் என்று நினைக்கிறவர். மாப்பிள்ளையிடம் வாய் திறந்து ஒன்று கேட்பது என்றால் அவருக்கு இன்னொரு முறை மொபெட்டிலிருந்து விழுவது மேல்.

மாலையில் பார்த்தேன். ஹாலில் அணைந்து கிடக்கிற டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதை நான் போட்டால்தான் உண்டு. கேபிளைத் துண்டித்துவிட்டு, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பிரித்து மேய்ந்து, லினக்ஸ் போட்டு, டிவிக்குக் கீழே வைத்து, அதற்கு மீடியா சென்டர் என்று பெயரும் சூட்டியவன் நான். கீபோர்டில் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி, மௌஸை சோபாக் கைப்பிடியில் தேய்த்து இயக்க வேண்டும். வீட்டில் அது தெரிந்த ஒரே ஆள் நான். இதை இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சமையலறைக்குக் கூப்பிட்டு சுகுணா சொன்னாள்: "ஏனுங்க, அம்மா போனதுக்கப்புறம் அந்த ஊட்டுல அப்பா ஒண்டியா இருக்கறாரு. இனி இங்கயே இருக்கோணும். ஆனா கட்டுப் பிரிச்சதும் ஓடிருவாரு, எனக்குத் தெரியும். உங்களக் கேக்காம அவரே டிவி போடற மாதிரி மொதல்ல பண்ணிக் குடுங்க. ஒரு பாட்டுக் கேக்கோணும்னா நானே உங்ககிட்ட மனுப் போட வேண்டியிருக்குது."

அத்தை போன புரட்டாசியில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர். திரும்பி வரவில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

ஒரு ரிமோட் வைத்தால் தீர்ந்தது. டார்ச் லைட் மாதிரிதான், அகச்சிவப்பு ஒளியைக் கண் சிமிட்டுவதுபோல் விட்டு விட்டு அனுப்பும். பெட்டியில் ஒரு சின்ன ரிசீவரைச் செருகினால் அது வாங்கிக்கொள்ளும். பத்து நிமிட வேலை என்று சுகுணாவிடம் காலையில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அழுத்தினேன். அசைவே இல்லை. ரிமோட்டை செல்போன் கேமராவுக்கு நேராகக் காட்டினால் அந்த ஒளி ஊதாவாகத் தெரியும். தெரிந்தது. ஆக ரிமோட் நல்ல ரிமோட். ரிசீவரைக் கழற்றி மாட்டினேன். டிரைவர் மாற்றினேன். மத்தியானம் வரை இணையத்தில் ஏதோ ஊர்க்காரன் எவனோ பட்ட கஷ்டத்தைப் படித்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து ஆபரேஷன் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றுமே ஆகாதபோதும் நடுநடுவே, "நல்லாப் பண்றீங்க மாப்ள" என்றார்.

சாப்பிடக் கூப்பிட வந்த சுகுணா, பெட்டியின் மேலிருந்து தொங்கிய பூவேலைத் துணியைத் தூசி தட்ட எடுத்தாள். நான் பட்டனை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தேன், டிவியில் மெனு தடதடவென்று ஓடியது. துணி ரிசீவரை மூடிக்கொண்டிருந்திருக்கிறது.

"இப்ப வேலை செய்யுதே" என்றாள். நான் நன்றி சொல்லவில்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரைக் கனி. காலையில் கண்ணை மூடிக்கொண்டு வந்து தட்டில் பழம், கண்ணாடி, நகை எல்லாம் பார்த்தோம். மாமாவையும் சுகுணா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். கண்ணாடியில் தன் முகத்தைச் சற்று அதிக நேரம் பார்த்தார்.

லீவு என்பதால் ரிமோட்டுக்குப் பாடம் எடுக்க உட்கார்ந்தேன். எந்தப் பட்டன் எது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லித்தர ஒரு புரோகிராம் இருக்கிறது. "பட்டன்களைக் கண்டபடி அழுத்து. அழுத்த அழுத்தப் புள்ளி வரும். இரண்டு வரி நிரம்பும் வரை நிறுத்தாதே" என்று திரை ஆணையிட்டது. பயபக்தியோடு அழுத்தினேன். இரண்டாவது வரி முடியும் இடத்தில் கை வலித்து நிறுத்தினேன். "மீண்டும் முதலிலிருந்து" என்றது.

"சித்திரையில எதுக்குங்க புள்ளி வைக்கறீங்க?" என்றாள் சுகுணா, பாயசக் கிண்ணத்தோடு. "மார்கழி வரட்டும், வாசல்லயே வைக்கலாம்."

மாமா சிரித்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்ததும் இருமிக்கொண்டார்.

ஏப்ரல் 15, புதன்

ஒருமுறை அழுத்தினால் மூன்று முறை போகிறது. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன், கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிட்டார்.

ஏப்ரல் 18, சனி

மூன்று என்பது இரண்டாகியிருக்கிறது. முன்னேற்றம்.

புதிதாக ஒரு வியாதி. காலையில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருகிற ரிமோட் சாயங்காலம் செத்துவிடுகிறது. பேட்டரி என்று நினைத்து மாற்றினேன். கம்பெனியில் நான் பம்ப்செட்களைச் சோதித்துத் தரச்சான்று தருகிறவன். நான் தலையாட்டினால்தான் மோட்டார் லாரி ஏறும். மற்றவன் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்க எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நான் செய்ததில் கண்டுபிடிக்க ஆள் போடவில்லை.

கடைசியில் காரணம் மேற்கு ஜன்னல். சாயங்கால வெயிலிலும் அதே அகச்சிவப்பு இருக்கிறதாம். சூரியன் பேசும்போது என் ரிமோட்டின் பேச்சு எடுபடவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்டேன், சரியாகிவிட்டது. சூரிய பகவானைத் தோற்கடித்த கதையை சுகுணாவிடம் சொன்னேன். "தெரச்சீலைய இழுத்துவிட நான் காலையிலயே சொன்னனே, வெக்கையா இருக்குதுன்னு" என்றாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

திறப்பு விழா.

ரிமோட்டில் இருப்பது எறும்பு அளவு ஆங்கிலம். மாமாவுக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், அதுவும் பெரிய எழுத்தில். ஆகவே வெள்ளை ஸ்டிக்கரை வெட்டி, என் கைப்பட எழுதி ஒட்டினேன். போடு. நிறுத்து. சத்தம். முன். பின். வேண்டாத பட்டன்களை வெறும் ஸ்டிக்கரால் மூடிவிட்டேன். சுகுணா எட்டிப் பார்த்து, "அம்புக்குறி போட்டுட்டுப் போங்களேன்" என்றாள். தமிழ் படிக்கத் தெரிந்த மனிதருக்கு அம்பு எதற்கு என்று கேட்டேன். தமிழ்ப்பற்றெல்லாம் இல்லை, அம்பு வரைந்தால் எனக்குக் கோணலாக வரும்.

எதைப் போடுவது? 'பொன்மணி இல்லம்' என்று பழைய சீரியல் ஒன்று முழுசாகப் பெட்டியில் இருக்கிறது. அத்தை பார்ப்பார் என்று சுகுணா எப்போதோ சேர்த்து வைக்கச் சொன்னது. "அதையே போடுங்க" என்றாள். முதல் பகுதியில் ஆரம்பித்து, "இதுதான் மாமா முன், இது பின்" என்று காட்டப் போனேன். பழைய வியாதி திரும்பிவிட்டது. பகுதிகள் சீட்டுக்கட்டு மாதிரி ஓடி, எங்கோ நடுவில் போய் நின்றன. திரை நிறைய பொன்மணியின் போட்டோ. போட்டோவுக்கு மாலை. கீழே புருஷன் தணிகாசலம் உட்கார்ந்து அழுகிறான்.

சுகுணா என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்த டைரி தாங்காது. அவசரமாக வேறு எதையாவது மாற்றப் போனேன்.

"இருக்கட்டுமுங்க மாப்ள" என்றார் மாமா. "இதையே பாக்கறனுங்க."

ஏப்ரல் 20, திங்கள்

இரட்டை அழுத்தல் தீர்ந்தது. ஒரு அழுத்து, ஒரு நகர்வு. காலையில் மாமா கையில் ரிமோட்டைக் கொடுத்துவிட்டு இருவரும் வேலைக்குப் போனோம்.

ஏப்ரல் 22, புதன்

வெற்றி! சுகுணா வங்கியிலிருந்து வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்ததாம். அவரே போட்டிருக்கிறார். அவள் காலடி கேட்டதும் அவரே அணைத்தும் இருக்கிறார். "கரண்டு வீணாப் போகுதல்லங்க" என்றார். சாப்பிடும்போது வழக்கம்போல் பேச்சில்லை. இலை பார்த்துச் சாப்பிட்டு, இலை பார்த்து எழுந்தார்.

ஏப்ரல் 27, திங்கள்

இரவுச் சாப்பாட்டில் மாமா தானாக வாய் திறந்தார். பதினாறு வருட மாப்பிள்ளை வாழ்க்கையில் இது எனக்குப் புதிது.

"அம்மிணி, அந்தப் பொன்மணி இருக்கறாளல்ல, போட்டோவுல மாலை போட்டிருந்தாங்களே..."

"ஆமாங்கப்பா."

"பெட்டுல கண்ணு முழிச்சுப் போட்டா."

சுகுணா சோற்றுக் கரண்டியோடு நின்றாள். நான் சிரித்துவிட்டேன். சீரியல் எழுதுகிறவர்களுக்கு வெட்கமே கிடையாது என்றேன். நடிகைக்குச் சம்பளம் ஒத்துவந்திருக்கும், உடனே உயிர் கொடுத்துவிட்டார்கள். மாமாவும், "அப்படித்தான் இருக்குமுங்க" என்று ஆமோதித்தார். என் ஹாஸ்யத்தை ரசிக்கிற ஆள் இந்த வீட்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறார்.

மே 1, வெள்ளி

பொன்மணி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே வந்துவிட்டாளாம். காய்ச்சல் கூட இல்லையாம். "அடுப்படியில நின்னு தோசை சுடறா அம்மிணி. அந்தத் தணிகாசலம் உக்காந்து தின்னுக்கிட்டே இருக்கறான். ஒரு வார்த்தை நல்லா இருக்குதுன்னு சொல்லோணுமே! வாயத் தொறக்க மாட்டீங்கறான் எருமை."

எருமை என்று சொல்லும்போது உண்மையாகவே கோபம். சுகுணா அவருக்கு இன்னொரு தோசை வைத்தாள். வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பிறகு, "நல்லா இருக்குது" என்றார். பழக்கமில்லாததால் கொஞ்சம் சத்தமாக வந்துவிட்டது.

மே 5, செவ்வாய்

வரலாற்றுச் செய்தி. மாமா ஃபேனை அவரே போட்டார். அதோடு நில்லாமல், "மோர் இன்னுங் கொஞ்சம் ஊத்து அம்மிணி" என்று கேட்டார்.

ரிமோட்டின் மகிமை என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்கு ஒரு பொருள் மீது அதிகாரம் கொடுத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். மனோதத்துவம். சுகுணா ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னால் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டதற்கு வெங்காயம் என்றாள். இன்றைக்குப் பருப்பும் ரசமும்தான். எப்போது வெங்காயம் நறுக்கினாள் என்று தெரியவில்லை.

மே 10, ஞாயிறு

இன்றைக்கு எழுதக் கை வரவில்லை. எழுதினால்தான் எனக்கு உறைக்கும்.

மத்தியானம் மாமாவோடு சேர்ந்து சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். என் படைப்பு வேலை செய்யும் அழகைப் பக்கத்திலிருந்து ரசிக்க ஆசை. ஒரு பகுதி முடிந்தது. பொன்மணி தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். மாமா கண்ணாடியைச் சரிசெய்து, பட்டனைத் தேடி, அழுத்தினார். அடுத்து வந்ததன் தலைப்பில் பகுதி எண்ணைப் பார்த்தேன். குறைந்திருந்தது.

"மாமா, இது முந்தின பகுதியில்ல?"

"அடுத்ததுதானுங்க மாப்ள. பின்னு அமுத்துனனுங்களே."

ரிமோட்டை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்து. பின். பின்னால் போவதற்கு என்று நான் எழுதியது. 'பிறகு' என்று அவர் படித்திருக்கிறார். மாலை போட்ட போட்டோவிலிருந்து ஒவ்வொரு பகுதியாக மனிதர் மூன்று வாரமாகக் கதையைத் தலைகீழாகப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். செத்தவள் கண் விழித்தது, காய்ச்சல் விட்டது, தோசை சுட்டது எல்லாம் அதனால். நான் அதற்கு நடிகையின் சம்பளத்தைக் காரணம் சொல்லி, ரசித்தார் என்று டைரியில் வேறு எழுதியிருக்கிறேன்!

சுகுணாவிடம் வாதாடிப் பார்த்தேன். பின் என்றால் பின்புறம், முன் என்றால் முன்புறம், குழந்தைக்கும் தெரியும் என்றேன்.

"'முன்னாடி மாதிரி இப்ப இல்ல'ன்னு சொன்னா அது எப்பங்க? போன காலமா, வர்ற காலமா?"

"போன காலம்."

"'முன்னாடி போங்க'ன்னா?"

"எதிரே போறது."

"அப்ப அந்தப் பட்டன்ல நீங்க எழுதியிருக்கறது எதுங்க?"

"ரெண்டும்" என்றேன். இரண்டாயிரம் வருட மொழி, எனக்காகவே இந்தக் குழியை வெட்டி வைத்துக் காத்திருந்திருக்கிறது.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "தப்பு என்ற மேலதானுங்க மாப்ள. நான்தான் படிக்கத் தெரியாமப் படிச்சுப் போட்டனுங்க." அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. பழைய ஸ்டிக்கர்களை உரித்துக் குப்பையில் போட்டேன். அகராதியே வந்து நின்றாலும் குழப்ப முடியாதபடி புதிதாக எழுதி ஒட்டினேன்: 'அடுத்த பகுதி', 'முந்திய பகுதி'. அடுத்த பகுதியைப் போட்டும் காட்டினேன்.

சுகுணா மாலையிலிருந்து பாத்திரங்களைச் சத்தமாக வைக்கிறாள். தப்பைத் திருத்திய பிறகும் எதற்குக் கோபம் என்று புரியவில்லை.

மே 12, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில், "கதை எங்க மாமா போயிட்டிருக்கு?" என்று கேட்டேன்.

"போயிட்டிருக்குதுங்க" என்றார்.

மே 14, வியாழன்

பொன்மணிக்குத் தலைவலியாம். சுகுணா துருவித் துருவிக் கேட்டதற்கு அவ்வளவுதான் சொன்னார். தோசை ஒன்றோடு எழுந்துவிட்டார். வெயில் அதிகம், யாருக்கும் பசி எடுக்காது.

மே 17, ஞாயிறு

டிவி இரண்டு நாளாக ஓடவில்லை. ரிமோட்டில்தான் கோளாறு என்று பிரித்துப் பார்த்தேன். கோளாறு இல்லை. செல்போன் கேமராவில் ஊதா ஒளி பிரமாதமாகத் தெரிகிறது. ஜன்னலில் திரைச்சீலை இருக்கிறது, பெட்டியின் மேல் துணி இல்லை. நான் செய்ததிலேயே குறையில்லாத வேலை இதுதான். மாமா ஃபேன் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

சனிக்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள். "அப்படியே ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஏறிக்கறனுங்க" என்று என்னிடம் சொன்னார். சுகுணா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று, வெயில் குறைந்ததும் திரும்ப வருவார் என்று சமாதானம் சொன்னேன்.

"அம்மா போன நாளை மறுபடி பாக்கச் சொல்லி வச்சிருக்கறீங்க" என்றாள் உள்ளேயிருந்து. "தெனம் ஒரு பகுதியா."



மே 18, திங்கள்

கம்பெனியில் ஐந்து மோட்டார்களைத் திருப்பி அனுப்பினேன். ஐந்தும் நல்ல மோட்டார்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

மே 20, புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வந்தேன். மாமா சோபாவில் இருந்தார். டிவி அணைந்திருந்தது. ரிமோட் மடியில். துணிப்பை கட்டி வாசலருகே வைத்திருந்தார், சனிக்கிழமைக்கு புதன்கிழமையே.

பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் தயார் செய்து வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. ரிமோட்டை எடுத்து முந்திய பகுதி பட்டனைக் காட்டி, "இதை அமுத்தினா மறுபடி பின்னாடி போகலாம் மாமா. காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடி" என்றேன். முன்னாடி, பின்னாடி. என் வாயைத் தைக்க வேண்டும்.

"தெரியுமுங்க."

கட்டுப் போட்ட கையை மற்ற கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே தெரியுமுங்க மாப்ள. அந்தப் புள்ள பெட்டுல கண்ணு முழிச்ச அன்னிக்கே. செத்தவங்க எங்கீங்க முழிக்கறாங்க? இது பின்னால போகுதுன்னு தெரிஞ்சு போச்சுங்க. ஆனா பட்டன்ல பின்னுன்னு எழுதியிருந்துச்சுங்களா, அடுத்ததுன்னு நெனச்சுக்கிட்டேனுங்க. மாப்ள எழுதிக் குடுத்தது, நம்ம என்னத்தக் கண்டோம்னு அமுத்திக்கிட்டே போனனுங்க. நாளைக்கு இன்னுங் கொஞ்சம் நல்லாயிருவா, நாளன்னிக்கு இன்னுங் கொஞ்சம்னு இருந்துச்சுங்க."

"இப்பவும் அமுத்தலாமே மாமா."

"இப்ப முந்தியதுன்னு பச்சையா எழுதியிருக்குதுங்களே." ரிமோட்டைப் பார்த்தபடியே சொன்னார். "இந்த வயசுல நானா அத அமுத்துனா எனக்கே வெக்கமா இருக்குதுங்க. செத்தவளைத் திருப்பிக் கூட்டியார முடியுமான்னு உக்காந்திருக்கறான் பாரு கெழவன்னு. அடுத்தது அமுத்துனா அவ போயிருவா. ரெண்டும் முடியலீங்க."

அவர் யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மாமனார் முன்னால் அழக்கூடாது என்று எழுந்து போய்த் திரைச்சீலையைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

முதுகுக்குப் பின்னால் அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"உங்களுக்குச் சிரமமில்லைன்னா... அந்தப் பழைய சீட்டையே ஒட்டிக் குடுங்க. பின்னுன்னு. பின்னுன்னா ரெண்டுந்தானுங்களே."

பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் காரியம். பழையது குப்பைக்குப் போயாகிவிட்டது. புது ஸ்டிக்கர் வெட்டினேன். நல்ல தமிழை உரித்து எறிந்துவிட்டுக் குழப்பமான தமிழை ஒட்ட வேண்டும். தரச்சான்று தருகிற கைக்கே முதலில் எழுதியது கோணலாக வந்தது. மாமா எட்டிப் பார்த்தார்.

"'பி'யோட சுழி செரியா வரலீங்களே மாப்ள" என்றார். "இன்னொண்ணு எழுதுங்க."

இன்னொன்று எழுதினேன். அதுவும் பிடிக்கவில்லை. மூன்றாவதில் தலையாட்டினார். ஒட்டி நீட்டியதும் கண்ணாடியைச் சரிசெய்து, படித்து, அழுத்தினார். தலைவலி வந்த பகுதி போய், அதற்கு முந்தியது வந்தது. பொன்மணி தணிகாசலத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள், அவன் ரேஷன் கடையில் சர்க்கரை வாங்க மறந்துவிட்டானாம். வாயால் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"நல்லாக் கேளு" என்றார் மாமா டிவியிடம்.

சுகுணாவிடம் மாலையில் எல்லாவற்றையும் சொன்னேன். "கேட்டாரா? அவரே வாயத் தொறந்து கேட்டாரா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். வாசலருகே இருந்த பையை மட்டும் நாங்கள் யாரும் தொடவில்லை.

மே 23, சனி

கட்டுப் பிரித்தாயிற்று. எலும்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மாமா வெளிறிப்போன கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே காரில் ஏறினார். பையை அவரே காலையில் டிக்கியில் வைத்திருந்தார். சுகுணா பின்சீட்டில், ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். திருச்சி ரோட்டில் ஏறினோம்.

சிங்காநல்லூர் சிக்னலில் சிவப்பு விழுந்தது. இடது பக்கம் திரும்பினால் காங்கேயம் பஸ் நிற்கும் பஸ் ஸ்டாண்டு. நேராகப் போனால் ஒண்டிப்புதூர், எங்கள் வீடு. இண்டிகேட்டரில் கை வைத்தேன். போடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள்.

"மாப்ள, ஊட்டுக்கே போயிரலாமுங்க" என்றார் மாமா.

நான் தெளிவான ஆள் அல்லவா? "எந்த வீட்டுக்கு மாமா?" என்று கேட்டேன். பின்சீட்டிலிருந்து என் தோளில் ஒரு குத்து விழுந்தது.

மாமா ஜன்னல் வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொன்மணிக்கு இன்னும் கலியாணமே ஆகலீங்களே" என்றார்.